காதால் தொடரும் ஆட்டம்: ஜப்பானிய பேஸ்பாலும் மொழி பழகுவோரும்

ஜப்பானுக்குள் பேஸ்பால் 1872-இல் வந்தது. தோக்கியோவில் பணியாற்றிய ஹொரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் தம் மாணவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். பள்ளிகளில் வளர்ந்த ஆட்டம் 1915-இல் நாடு தழுவிய பள்ளிப் போட்டியாகவும், 1936-இல் தொழில்முறை லீக்காகவும் விரிந்தது. 1950 முதல் சென்ட்ரல், பசிபிக் என இரண்டு லீக்குகள் உள்ளன. லீக்குக்கு ஆறாக மொத்தம் பன்னிரண்டு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுக்கு 143 ஆட்டங்கள். மார்ச் இறுதியில் தொடங்கினால் அக்டோபர் தொடக்கம் வரை, பெரும்பாலான திங்கட்கிழமைகள் போக, ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. மொழி பழகும் ஒருவருக்கு இந்த ஓயாத தொடர்ச்சிதான் பெரிய வசதி. நேற்றுப் புரியாத சொல் இன்று மாலை அதே இடத்தில், அதே தொனியில் மறுபடி காதில் விழுகிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பானிய ஆலைகள் வந்த பிறகு ஜப்பானிய மொழிக்குத் தமிழ்நாட்டில் ஒரு தேவை பிறந்தது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டாரத்தில் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞருக்கு அது எட்டாத தொலைவில் இல்லை. அந்த மொழிக்கான தகுதித் தேர்வு சென்னையிலேயே நடக்கிறது. என்5 முதல் என்1 வரை ஐந்து படிகள். எல்லாப் படியிலும் காதால் கேட்டு விடை குறிக்கும் பகுதி உண்டு, பேசிக் காட்டும் பகுதி கிடையாது. ஆகவே, பேச்சைக் கேட்டுப் பிடிக்கும் திறமை தேர்வுக்கும் வேண்டும், அதைவிட அதிகமாகப் பிழைப்புக்கும் வேண்டும். பாடநூலோடு வரும் ஒலிப்பதிவு நிதானமாகப் பேசும். ஆலையில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு படிக்கட்டாக நிற்பது பேஸ்பால் வர்ணனை.

ஜப்பானில் ஒரு விளையாட்டு முதன்முதலாக நேரடியாக ஒலிபரப்பானது 1927 ஆகஸ்டில். ஒசாகாவுக்கும் கோபேக்கும் இடையில், 1924-இல் திறக்கப்பட்ட கோஷியென் அரங்கிலிருந்து பள்ளிப் போட்டியை ஒசாகா வானொலி நிலையம் ஒலிபரப்பியது. அதற்கு முந்தைய மாதம்தான் பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் நிலையம் தொடங்கியிருந்தது. அந்தக் கோஷியென் ஒலிபரப்பு முதல் இன்று வரை வானொலி வர்ணனையாளரின் வேலை ஒன்றே: மைதானத்தைப் பார்க்காதவருக்கு ஆட்டத்தின் நிலவரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது. எத்தனையாவது சுற்று, யார் ஆடுகிறார்கள், எத்தனை அவுட், ஓடித் தொட வேண்டிய இடங்களான பேஸ்களில் எதில் ஆள் நிற்கிறார், பந்துக் கணக்கு என்ன என்பதைச் சில நிமிடத்துக்கு ஒரு முறை அவர் சொல்லியாக வேண்டும். புதிதாகக் கேட்பவர் நடுவில் நூல் அறுந்தாலும் உடனே மறுபடி பிடித்துக்கொள்ளலாம்.

சுற்றைச் சொல்லும் முறையையே எடுத்துக்கொள்வோம். ‘இக்காய் நோ ஒமோத்தே’ என்றால் முதல் சுற்றின் முன்பாதி. விருந்தாளி அணி ஆடுகிறது. ‘இக்காய் நோ உரா’ என்றால் பின்பாதி. உள்ளூர் அணியின் முறை. ஒரு துணியின் மேற்புறமும் மறுபுறமும் ஜப்பானியத்தில் இதே ஒமோத்தேயும் உராவும்தான். பட்டுத் தறியில் உட்கார்ந்து பழகிய ஆரணிக்காரருக்கு இதை ஒரு தடவை சொன்னால் போதும்.

எண்களுக்கு இந்த ஆட்டத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் அமைவது கடினம். ஜப்பானியத்தில் நான்குக்கு ‘யோ’, ‘யோன்’, ‘ஷி’ என்று மூன்று உச்சரிப்பு. எந்த இடத்தில் எது என்று விதியாகப் படித்தால் மறந்துபோகும். அணியின் பெரிய அடிக்காரர் நான்காவதாக இறங்குவார், அவர் ‘யோபான்’. களத்தடுப்பாளர் ஒன்பது பேருக்கும் வரிசை எண் உண்டு; ஆறாம் இடத்தவர் பந்தை எடுத்து நான்காம் இடத்தவருக்கு எறிய, அவர் மூன்றாம் இடத்தவருக்கு எறிந்து இரண்டு பேரை அவுட்டாக்கினால், அது ‘ரோகு யோன் சான்’. இங்கே நான்கு ‘யோன்’. இரண்டையும் ஒரு வாரம் கேட்டவருக்கு விதியே தேவைப்படாது. அடிப்பவரின் சராசரியை ‘வாரி’, ‘பு’, ‘ரின்’ என்று பத்தில், நூற்றில், ஆயிரத்தில் பங்காகச் சொல்வார்கள். 0.312 என்பது ‘சான்வாரி இச்சிபு நிரின்’. பத்து முறைக்கு மூன்று முறை வென்றவர் நல்ல ஆட்டக்காரர் என்ற கணக்கும் கூடவே பிடிபடுகிறது. அந்த ‘வாரி’யே கடைவீதியிலும் உதவும், சாயங்காலம் உணவுப் பொட்டலத்தின் மேல் ஒட்டும் முப்பது சதவீதத் தள்ளுபடிச் சீட்டில் இருப்பதும் ‘சான்வாரி’தான்.

கடன்சொற்கள் இன்னொரு கைப்பிடி. பிட்சர், ஸ்ட்ரைக், ஹோம்ரன் எல்லாம் ஜப்பானிய உச்சரிப்பில் அப்படியே வருகின்றன. போர்க்காலத்தில், 1943-இல், எதிரி நாட்டுச் சொல் என்று இவற்றை விலக்கி, ஸ்ட்ரைக்குக்கு ‘யோஷி’ என்றெல்லாம் நடுவர்களைச் சொல்ல வைத்தார்கள். போர் முடிந்ததும் பழைய சொற்களே திரும்பின. நாளிதழ் மட்டும் இன்னும் சீன எழுத்துகளால் ஆன சொற்களை விரும்புகிறது. நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸுக்குப் போவதும், உடம்பில் பந்து பட்டுப் போவதும் அச்சில் வேறு வேறு எழுத்து. வாயால் படித்தால் இரண்டும் ‘ஷிக்யூ’. வானொலிக்கு இந்தக் குழப்பம் ஒத்துவராது. ஆகவே அங்கே ‘ஃபோவா போரு’, ‘தெத்தோ போரு’ என்று பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். புதியவர் முதலில் கேட்கவும் பிறகு வாசிக்கவும் வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும். பத்திரிகையில் தொடங்குகிறவர்கள் மிகக் கடினமான வாசல் வழியாக நுழைகிறார்கள்.

எல்லாம் எளிது என்று சொல்வது நேர்மையாகாது. வர்ணனையாளர் பக்கத்தில் விளக்கம் சொல்ல முன்னாள் வீரர் ஒருவர் இருப்பார். அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார், ஊர்ப்பேச்சு கலப்பார், பழைய ஆட்டத்தை நினைவுகூர்வார். தொடக்கத்தில் அவரை விட்டுவிடுவதே நல்லது. கிரிக்கெட் அறிவும் ஓரளவுக்குத்தான் துணை வரும். தமிழ் வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் வர்ணனையைக் கேட்டு கிரிக்கெட்டைக் கற்றுக்கொண்ட தலைமுறைக்குக் காதால் களத்தைக் கட்டி எழுப்பும் பழக்கம் உண்டு. அது பெரிய பலம். ஆனால் பேஸ்பாலில் சதம் கிடையாது, ஓவர் கிடையாது, பின்பக்கம் அடித்தால் ஓட்டமும் கிடையாது. பன்னிரண்டு சுற்று முடிந்தும் சமநிலை என்றால் லீக் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும். கிரிக்கெட்டை மொழிபெயர்த்துக்கொண்டே கேட்பவர் சீக்கிரம் களைத்துப்போவார்.

அரங்கின் ஆரவாரமும் பாடமே. தன் அணி மட்டை பிடிக்கும்போது ரசிகர் குழு தாரையும் முரசும் முழங்க, ஒவ்வொரு வீரருக்கும் தனிப்பாட்டுப் பாடும். எதிரணி ஆடும்போது அடங்கிவிடும். ‘கத்தோபாசே’ என்று கூவி வீரர் பெயரைச் சேர்ப்பார்கள். ஓங்கி அடி என்ற ஏவல். ஏவல் வினை வகுப்பில் படுவதைவிட இங்கே நன்றாக மனத்தில் படுகிறது.

இவை எல்லாவற்றிலும் புதியவருக்கு மிகப் பொருத்தமானது கோடைக்காலப் பள்ளிப் போட்டி. தொழில்முறை லீக் இரண்டாவதுதான். 47 மாநிலங்களிலிருந்து 49 பள்ளிகள் ஆகஸ்டில் கோஷியெனுக்கு வருகின்றன. ஒரு முறை தோற்றால் ஊருக்குப் புறப்பட வேண்டியதுதான். சைரன் ஒலித்து ஆட்டம் தொடங்குகிறது. ஒலிபெருக்கியில் மாணவர் பெயரோடு ‘குன்’ சேர்த்து அறிவிக்கிறார்கள். மரியாதை ஒட்டு எங்கே எது என்பதும் பெயர்களின் ஓசையும் ஒன்றாகப் பதிகின்றன. பள்ளியின் பெயரோடு மாநிலத்தின் பெயரும் வருவதால் நாட்டின் வரைபடமும் மெல்லப் படிகிறது. தோற்றவர்கள் மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிப் போகிறார்கள். வென்ற பள்ளியின் பாடல் அரங்கில் ஒலிக்கிறது. 2022-இல் செண்டாய் இக்குயேய் பள்ளி வென்றபோது, வடகிழக்கு மாநிலங்களுக்குக் கோடைக் கோப்பை முதல் தடவையாகப் போனது. 2024-இல் வென்றது, கொரியர்களுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளியாக இருந்து வளர்ந்த கியோத்தோ சர்வதேசப் பள்ளி. அதன் பள்ளிப் பாடல் கொரிய மொழியில் உள்ளது. அந்த மொழியிலேயே அது நாடு முழுவதும் ஒலிபரப்பானது. வெளியிலிருந்து வந்தவரின் குரலுக்கும் இந்த அரங்கில் இடமுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஜப்பானியம் படிக்கும் நேயர்கள் வரும் ஆகஸ்டில் ஒரு பள்ளியைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு தாளில் ஒன்பது பெயரை எழுதி, கேட்கக் கேட்கக் கணக்குக் குறியுங்கள். அந்தப் பள்ளி தோற்கும் வரை ஓர் ஆட்டத்தையும் விடாதீர்கள்.