கதவை மூடினால் போதும்னு நினைச்சேன்

இந்த வாரம் டெக் எதுவும் இல்லை. எங்க வீட்டுப் பூனை மிளகு பற்றிப் பேசப் போறேன்.

மிளகு நாலு வயசுக் கடுவன். ரொம்பவே பிகு பண்ணுவான். மீன் ஜில்லுன்னு இருந்தால் தொடமாட்டான். நாய் இருக்கும் வீட்டுக்கு நான் போய்ட்டு வந்தால், ஜீன்ஸை மோந்துட்டு வாயைப் பாதி திறந்தபடி ஒரு மாதிரி பார்ப்பான். கேவலமா பார்க்கிறான்னு சிரிப்பேன். உண்மையில் மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்கு அந்த வாசனையை இழுத்து ஆராய்றான்.

பொங்கலுக்கு நண்பன் ஊருக்குப் போனான். நாலு நாள் அவன் நாயைப் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டேன். நாய் பெட்ரூமில், பூனை ஹாலில், நடுவில் கதவு. ஒண்ணை ஒண்ணு பார்க்கவே இல்லைன்னா என்ன பிரச்சினை? இதுதான் என் லாஜிக்.

பூனை தன் இடத்தை வாசனையை வச்சுத்தான் அடையாளம் காணுது. சோபாவில், கதவில், நம்ம காலில் கன்னத்தை உரசும்போது, அங்க இருக்கும் சுரப்பிகளின் வாசனையைப் பூசுது. நான் நாயைத் தடவின கையோடு அதே சோபாவில் உட்கார்ந்தேன். அவன் ஃப்ரிட்ஜ் மேல ஏறினவன் இறங்கவே யோசிச்சான்.

மூணாவது நாள், லிட்டர் பாக்ஸுக்குப் போறான், குந்துறான், வர்றான், திரும்பப் போறான். மணல் ஈரமே ஆகலை. மலச்சிக்கல்னு நினைச்சு மீட்டிங்கில் உட்கார்ந்துட்டேன். மதியம் அம்மா போனில், "அது என்னடா, அப்படிக் கத்துது?" என்று கேட்ட பிறகுதான் தூக்கிட்டு ஓடினேன்.

சிறுநீர்ப்பாதை அடைச்சிருக்குன்னு டாக்டர் சொன்னார். ஆண் பூனைகளுக்கு அந்தக் குழாய் ரொம்பக் குறுகல். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்னுடலாம். மயக்கம் கொடுத்து டியூப் போட்டாங்க. மூணு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தான்.

"நாயாலதான் வந்துச்சா சார்?"னு கேட்டேன். "அது மட்டும்னு சொல்ல முடியாதுப்பா. தண்ணி குறைவா குடிக்கிறது, எடை, எல்லாம் சேரும். பயமும் சேரும்" என்றார்.

பழக்கணும்னா வாசனையில் இருந்துதான் ஆரம்பிக்கணுமாம். நாய் படுத்த துண்டை முதலில் தூரமா போட்டு, பூனை கண்டுக்காமல் இருந்தால் மெதுவா சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் நகர்த்தணும். நேரில் காட்டுறது அதுக்கப்புறம்தான், அதுவும் நாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. வாரக்கணக்கில் ஆகலாம். நான் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தேன்.

நண்பன் மறுபடி கேட்டான். "உன் வீட்டுக்கே வந்து பார்த்துக்கறேன்டா"னு சொல்லிட்டேன். திரும்பி வந்ததும் நேரா குளியல்.

ஆண் பூனை வச்சிருக்கீங்களா? திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தும் சிறுநீர் வரலைன்னா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. மீட்டிங்கைப் பாதியில் விட்டுட்டுக் கிளம்புங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.