கயிறும் நீள வேண்டாமா?

"மூணு வருஷத்துக்கு ஒருதரம் ஒப்பந்தம் போட்டு, மொத்தமாச் சம்பளத்தை ஏத்திட்டாப் போதும், பஞ்சப்படி எதுக்கு?" என்று எதிரணித் தம்பி கேட்டார். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். (சிரிப்பு) மளிகைக் கடைக்காரர் மூணு வருஷத்துக்கு ஒருதரமா விலையை ஏத்துறாரு? (கைதட்டல்)

கணக்குப் போடுவோம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று 1000 ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான் மூன்றாம் ஆண்டு முடிவில் 1191 ரூபாய். சம்பளக் கவரில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வீட்டுக்கு வருகிற அரிசி குறைந்துவிட்டது! கிணற்றில் தண்ணீர் கீழே போனால் கயிறும் நீள வேண்டாமா? அந்தக் கயிறுதான் ஐயா பஞ்சப்படி. அது சம்பள உயர்வு அல்ல, இழந்ததை ஈடுகட்டுவது.

"படி கொடுத்தா விலை ஏறும்" என்கிறார்கள். கடைகளில் விலை ஏறிய பிறகுதான் சிம்லாவில் இருக்கிற லேபர் பீரோ குறியீட்டு எண்ணைக் கணக்கிடுகிறது. அதற்கப்புறம்தான் புள்ளிக்கு இத்தனை ரூபாய் என்று படி வருகிறது. முன்னால ஓடுறது விலை. மூச்சு வாங்கப் பின்னால ஓடுறது படி. பின்னால ஓடுறவன்தான் முன்னால ஓடுறவனைத் தூண்டிவிட்டான்னா நியாயமா? (கைதட்டல்)

"கம்பெனி தாங்குமா?" என்றார்கள். சென்னை ரெப்டகாஸ் பிரெட் கம்பெனி, பல்லாண்டுகளாகக் கொடுத்துவந்த பஞ்சப்படி முறையை மாற்றப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உண்மையான நிதி நெருக்கடி இருந்தால் மாற்றலாம்; இங்கே அதற்கான காரணம் காட்டப்படவில்லை என்று 1991-இல் தொழிலாளர் பக்கம் தீர்ப்பானது. ஆகவே நொடித்த கம்பெனிக்கு வழி இருக்கிறது. நொடித்ததாக நடிக்கிற கம்பெனிக்குத்தான் வழி இல்லை! (பலத்த கைதட்டல்)

இனி நம்ம ஓசூர் சிப்காட்டுக்கு வாங்க. ஒரே வரிசையில் இரண்டு தொழிலாளிகள். நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் பஞ்சப்படி கேட்டு வாங்குவார். பக்கத்தில் நிற்கும் காண்டிராக்ட் தம்பிக்குக் குறைந்தபட்சக் கூலிதான் கதி. அந்தக் கூலியோடு சேரும் பஞ்சப்படி சென்னை நகர விலைக் குறியீட்டை வைத்து ஏப்ரலில் மாறும். ஆனா ஓசூர்ல வீட்டு வாடகையை ஏத்துறது யாரு? நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூரு! அளக்கிறது சென்னையில, அவதிப்படுறது பெங்களூரு வாசல்ல! (சிரிப்பு, கைதட்டல்)

எனவே நடுவர் அவர்களே, கயிறு வேண்டும். அது எல்லார் வாளிக்கும் வேண்டும். இந்த ஊர்க் கிணற்றை அளந்து வேண்டும். அப்படி எழுதுவதுதான் நல்ல ஒப்பந்தம் என்று கூறி அமர்கிறேன்.