பயணியின் நோன்பு



தமிழகத்தை விட்டுப் பணியின் பொருட்டு வேற்று மாநிலங்களில் வாழ்வோர் பலருக்கும் நாவிற் படிந்துவிட்ட வாசகம் ஒன்று உண்டு. "சில காலம் இருந்துவிட்டுப் போகிறவர்கள்தாமே" என்பதே அது. வாடகை வீட்டின் சுவரில் ஓர் ஆணி அடிக்கலாமா என்ற பேச்சு எழுந்தாலும் அதைச் சொல்லிக்கொள்கின்றனர். அண்டை வீட்டாரின் மொழியைக் கற்க நேர்ந்தாலும் அதைச் சொல்லிக்கொள்கின்றனர். நாமும் அவ்வாறு சொல்லித் திரிந்தவரே. அந்த வாசகத்தை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது ரமலான் நோன்பு. அது நேர்ந்த விதத்தையே இன்று உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

நாம் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர். ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குவோம். நோன்புக்கு அரபு மொழியில் 'ஸவ்ம்' என்று பெயர். விலகி நிற்றல், தன்னைத் தடுத்துக்கொள்ளுதல் என்பன அதன் பொருள். தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, பள்ளிவாசல், பெருநாள் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்களையே ஆள்வது போல, இதற்கும் முன்பிருந்த தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். நோன்பு என்னும் சொல்லோ பொறுத்தல் என்னும் கருத்தில் பிறந்தது. அரபுச் சொல் விலகுவதைக் கூறுகிறது. தமிழ்ச் சொல் பொறுப்பதைக் கூறுகிறது. இரண்டும் ஒன்றே என்று நாற்பது வயது வரை எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்று பின்னரே கண்டோம்.

நம் சொந்த ஊர் காயல்பட்டினம். அங்கே ரமலான் பிறந்துவிட்டால் ஊரே நம்மைத் தூக்கி நடத்தும். வைகறைக்கு முன் எழுப்ப ஆள் உண்டு. இரவுத் தொழுகை முடிந்ததும் மறுநாள் நோன்பின் நிய்யத்தை இமாம் சொல்லிக்கொடுக்க, எல்லோரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வர். மாலையில் பள்ளிவாசலில் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இஞ்சியும் பூண்டும் சேர்ந்து கொதிக்கும் நோன்புக் கஞ்சியின் மணம் தெருவை நிறைக்கும். பகலில் உணவுக் கடைகளின் முன் திரை தொங்கும். பசி இருந்தது, ஆனால் அது ஊருக்கெல்லாம் பொதுவான பசி. எல்லோரும் சேர்ந்து சுமக்கும் பாரம் எவர் தோளிலும் உறைப்பதில்லை.

2019ஆம் ஆண்டு மே மாதத்தில், ரமலானின் நடுவே, நமக்கு மாற்றல் ஆணை வந்தது. சென்னையிலிருந்து கொச்சி நகரை அடுத்த காக்கநாட்டிற்குச் செல்ல வேண்டும். எறணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் மத்திய அரசின் அலுவலகங்கள் பலவும் அமைந்த இடம் அது. வழியில் காயல்பட்டினத்தில் உம்மாவைக் கண்டு விடைபெற்றுக் கொச்சி சேர்ந்தோம்.

நோயாளிக்கும் பயணிக்கும் இஸ்லாம் சலுகை அளிக்கிறது. அவர்கள் அந்நாட்களில் நோன்பை விட்டு, பின்னர் வேறு நாட்களில் அதே எண்ணிக்கையை நிறைவு செய்யலாம். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இவ்விதி இடம்பெறுகிறது. பயண நாட்கள் இரண்டிலும் நாம் இச்சலுகையைப் பயன்படுத்தினோம். அதில் பிழையில்லை. பிழை அதன்பின் நேர்ந்தது. காக்கநாட்டில் ஒரு விடுதி அறையில் தங்கினோம். பெட்டிகளைப் பிரிக்கவில்லை. சுற்றிலும் அறியாத முகங்கள், அறியாத மொழி. வைகறை உணவுக்கு வழி தெரியவில்லை. "இன்னும் பயணத்தில்தானே இருக்கிறோம்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு மேலும் ஏழு நாட்கள் நோன்பை விட்டோம். ஆக மொத்தம் ஒன்பது நாட்கள்.

எட்டாம் நாள் மட்டாஞ்சேரியில் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. அன்று மாலை அருகிலிருந்த பள்ளிவாசலில், மிளகும் சுக்கும் வாணிகம் செய்யும் முதியவர் ஒருவர் நம்மிடம் ஊர் விசாரித்தார். காயல்பட்டினம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "என் முன்னோரும் அக்கரையிலிருந்து வந்தவர்களே" என்றார். கொச்சியின் நைனா குடும்பத்தினர் தமிழகக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது மரபு. மலபாரின் பேரறிஞராகிய முதலாம் ஜைனுத்தீன் மக்தூம் 1467ஆம் ஆண்டளவில் கொச்சியில் பிறந்தவர். அவருடைய குடும்பமும் மஅபர் எனப்பட்ட தமிழகக் கரையிலிருந்து வந்ததே. அவர் பின்னர்ப் பொன்னானிக்குச் சென்று அவ்வூரைக் கல்விக்குப் பேர்பெற்ற ஊராக்கினார்.

பேச்சின் இடையே, நோன்பு எத்தனை பிடித்தீர்கள் என்று முதியவர் கேட்டார். பயணி என்பதால் ஒன்பது நாட்கள் விட்டதாகக் கூறினோம்.

"இங்கே எத்தனை நாள் தங்கும் எண்ணத்தோடு வந்தீர்கள், மகனே?"

"குறைந்தது மூன்று ஆண்டுகள், காக்கா."

முதியவர் கடிந்துகொள்ளவில்லை. வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணிவிட்டாலே பயணம் முடிந்துவிடுகிறது என்னும் ஷாபி மத்ஹபின் சட்டத்தை நினைவூட்டினார். "நீங்கள் வண்டியை விட்டு இறங்கியபோதே கொச்சிக்காரர் ஆகிவிட்டீர்கள். உங்களுக்குத்தான் அது தெரியவில்லை" என்று சொல்லித் தொழுகைக்கு எழுந்தார்.

அச்சட்டம் நாம் இளமையிலேயே ஓதியறிந்தது. அறிந்தும் மறந்தது போல் இருந்திருக்கிறோம். பொய்யை விடாதவன் உணவை விடுவதால் பயனில்லை என்பது நபிகளாரின் போதனை. நாமோ ஒரு பொய்யைப் பற்றிக்கொண்டு உணவையும் விடாதிருந்தோம். பயணி என்பது அப்பொய்யின் பெயர்.

விட்டவற்றை அடுத்த ரமலானுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். இதைத் தமிழ் முஸ்லிம்கள் களா நோன்பு என்பர். பொழுது கிடைக்கட்டும் என்று தள்ளிப் போட்டு, கடைசியில் 2020 ஜனவரியில் தொடங்கினோம். அப்போதுதான் நோன்பு என்னும் சொல்லின் பொருள் நமக்கு விளங்கலாயிற்று.

எழுப்புவோர் இல்லை. கடிகார மணியை நம்பி எழுந்து, முன்னிரவில் ஆக்கிய சோற்றை விளக்கடியில் தனியே உண்டோம். நிய்யத்தைச் சொல்லிக்கொடுக்க இமாம் இல்லை. நம் உதடு அசைந்ததை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அலுவலகத்திலோ உலகம் வழக்கம்போல் இயங்கிற்று. பதினொரு மணிக்குத் தேநீர், ஒரு மணிக்குச் சாப்பாடு, நான்கு மணிக்குப் பழம்பொரியின் மணம். உண்டாலும் கேட்பாரில்லை, உண்ணாவிடினும் மெச்சுவாரில்லை. குடிநீர்க் குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது.

பசி நம்மை வருத்தவில்லை. நம்மை வருத்தியது நம் குணம். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கோப்பில் எவரோ செய்த சிறு எழுத்துப் பிழையைக் கண்டு நெஞ்சு கொதித்தது. இளநிலை ஊழியர் ஒருவரிடம் கடுஞ்சொல் சொல்லவும் வாய் திறந்தோம். ரமலானில் இத்தகைய சினத்தை ஊரின் அமைதி மூடி வைத்திருந்தது. இங்கே அதை மூட எதுவும் இல்லை. நாற்பது ஆண்டுகளாக நம்முடைய பொறுமை என்று எண்ணியிருந்ததில் பெரும்பகுதி நம் ஊருடைய பொறுமை என்பதை அந்தப் பிற்பகலில் உணர்ந்தோம். விலகி நிற்றலை ஊர் நமக்குக் கற்றுத் தந்திருந்தது. பொறுத்தலை நாமே கற்க வேண்டியிருந்தது.

திறந்த வாயை மூடிக்கொண்டோம். பிழையை நாமே திருத்திக் கோப்பை அனுப்பினோம். இது பெரிய காரியம் அன்று. ஆயினும் நம் நோன்புகளுள் நமக்கு நினைவு தெரிந்து நம்முடையதாக இருந்த முதல் நோன்பு அதுவே எனலாம்.

நான்காம் நோன்பன்று, தேநீர் கொண்டுவரும் அன்பர் குவளையை நீட்டாமல் நின்றார். கிறித்தவர். மூன்று நாட்களாக நாம் வேண்டாமென்று சொன்னதைக் கவனித்திருக்கிறார். "நோம்பாணோ?" என்று மெல்லக் கேட்டார். மலையாளத்திலும் அதே சொல். ஆம் என்றோம். தம் தாயார் கிறித்து பிறப்புக்கு முன் இருபத்தைந்து நோம்பு நோற்றதையும், அடுத்த மாதம் தம் வீட்டில் ஐம்பது நோம்பு தொடங்கப்போவதையும் கூறிவிட்டு, வேறு கேள்வி கேட்காமல் நகர்ந்தார். அன்று முதல் நம் மேசையருகே வரும்போது தட்டின் மேல் ஒரு துணியை இட்டு மூடிச் செல்வார். அக்கரையில் கடைமுன் தொங்கும் திரை நினைவுக்கு வந்தது.

மாலையில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் பேருந்தில்தான் நோன்பு திறந்தோம். பாங்கொலி அந்த இரைச்சலில் கேட்காது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, ஆறரை மணிக்குச் சற்று முன்பு, ஒரு பேரீச்சம்பழமும் சிறிது நீரும் அருந்தினோம். வெண்டுருத்திப் பாலத்தை வண்டி கடக்கையில் காயல் நீரின் மேல் வானம் சிவந்து கிடந்தது. காயல்பட்டினத்தில் இதற்குச் சில நிமிடங்கள் முன்னரே பொழுது சாய்ந்திருக்கும். ஆனால் உம்மாவின் ஊரில் மறைந்த சூரியன் நம் நோன்பைத் திறக்கமாட்டான். நம் தலைக்கு மேலுள்ள வானம் இருண்டால்தான் நமக்கு நோன்பு திறப்பு. கொச்சியின் கதிரவனுக்காகக் காத்திருந்த அந்த ஒன்பது மாலைகளில், அவ்வூரை முதன்முதலாக ஏறிட்டுப் பார்த்தோம்.

அவ்வாண்டு ஏப்ரலில் ரமலான் வந்தபோது தொற்றுநோயால் பள்ளிவாசல்கள் அடைபட்டிருந்தன. கூட்டுத் தொழுகை இல்லை, கூடிக் கஞ்சி அருந்துதல் இல்லை. பலரும் அதைப் பெருந்துயராகக் கருதினர், நமக்கும் துயரமே. எனினும் ஜனவரியின் ஒன்பது நாட்கள் நமக்குக் கைகொடுத்தன. தனியே நோற்கக் கற்றுக்கொண்டவனுக்குப் பூட்டிய கதவு புதிதன்று.

இறுதியாக ஒன்று. 2024ஆம் ஆண்டில் கேரளத்திலும் தமிழகத்திலும் மார்ச் 12ஆம் நாள் ஒன்றாகவே நோன்பு தொடங்கிற்று. ஆனால் கேரளத்தில் 29ஆம் நோன்பின் இரவே பிறை தென்பட்டு, ஏப்ரல் 10 பெருநாள் ஆயிற்று. தமிழகத்தில் 30 நோன்பும் நிறைந்து, ஏப்ரல் 11 அன்றுதான் பெருநாள். நாம் புத்தாடை உடுத்திப் பெருநாள் தொழுகை முடித்துத் திரும்பிய காலையில் உம்மா நோன்பாளி. உம்மா பசித்திருக்க நாம் பண்டம் உண்பதா என்று மனம் தடுமாறியது. அன்று மட்டும் சேர்ந்து நோற்றுவிடலாமா என்றுகூட ஆசை எழுந்தது. ஆனால் பெருநாளில் நோன்பு விலக்கப்பட்டது. இருக்கும் ஊரின் பிறையே நமக்குப் பிறை. பசித்திருந்து கீழ்ப்படிந்த நாம் அன்று உண்டு கீழ்ப்படிய வேண்டியவரானோம். அது பசியினும் கடினமாகவே இருந்தது.

தொலைபேசியில் உம்மாவை அழைத்தோம். நாம் தயங்குவதைக் குரலிலேயே அறிந்துகொண்டார்கள்.

"உன் ஊரில் இன்று பெருநாளாமே, வாப்பா! வயிறார உண். எனக்கு இன்னும் ஒரு நோன்பு பாக்கி இருக்கிறது" என்றார்கள்.

உன் ஊர் என்று உம்மா கொச்சியைச் சொன்னது அதுவே முதல் முறை. மட்டாஞ்சேரி முதியவர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் சொன்னதையே உம்மாவும் தம் வாயால் சொல்லிவிட்டார்கள்.

நேயர்களே, நோன்பு என்பது உடலுக்கு ஓய்வு என்பாரும், ஏழையின் பசியை அறியும் வழி என்பாரும் உளர். அவை மெய்யே. நமக்கு அதனினும் அணுக்கமான ஒரு பொருளை அது தந்தது. சாக்குகளை உண்டு வாழும் மனத்திற்கு அவ்வுணவை மறுப்பதே நாம் கற்ற நோன்பு. பயணி என்னும் சாக்கு மறுக்கப்பட்ட பின்னரே நாம் இவ்வூரின் வைகறையையும் அந்தியையும் நம்முடையவையாக ஏற்றோம். சுவரில் ஆணியும் அடித்தோம். அண்டை வீட்டாரின் மொழியில் எழுதப் படிக்கவும் கற்றோம். தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ இதைக் கேட்டிருக்கும் நீங்கள் எந்தச் சமயத்தினராயினும், ஏதேனும் ஒரு நோன்பு உங்கள் இல்லத்திலும் இருக்கும். அடுத்த முறை அதை நோற்கும் நாளில், நீங்கள் வாழும் ஊரின் கதிரவன் மறையும் திசையைச் சற்று நின்று நோக்குங்கள்.