காசுக்கு வாங்கும் சிபாரிசு



தாராவியில் தோல் பை தைக்கிறார்கள். கும்பார்வாடாவில் பானை செய்கிறார்கள். சிலர் கடைக்கு இணையதளமும் வைத்திருக்கிறார்கள்.

"காசு கொடுங்கள். நூறு தளங்களில் உங்கள் கடைக்கு இணைப்பு போடுகிறோம். கூகுளில் முதலில் வருவீர்கள்" என்று சிலர் சொல்வார்கள். நம்பலாமா?

இணைப்பு என்றால் என்ன? ஒரு தளத்தில் தொட்டால் இன்னொரு தளம் திறக்கும். அந்த வழிதான் இணைப்பு. அதைக் கூகுள் சிபாரிசாக எடுத்துக்கொள்ளும். நல்ல சிபாரிசு நிறைய இருந்தால் கடையை மேலே காட்டும்.

காசுக்கு வாங்கிய சிபாரிசும் சில நாள் பலன் தரலாம். ஆனால் அது கூகுளின் விதிக்கு மாறானது. ஜே.சி.பென்னி அமெரிக்காவின் பெரிய கடை. அதற்குக் காசு இணைப்புகள் இருந்தது 2011இல் வெளியே தெரிந்தது. கூகுள் அந்தக் கடையைப் பின்னால் தள்ளியது. பெரிய கடை தாங்கும். சிறிய கடை தாங்குமா?

விளம்பரம் செய்வது தப்பில்லை. அதை விளம்பரம் என்று கூகுளுக்கும் தெரியும்படி குறிக்க வேண்டும். அதனால் இடம் உயராது. ஆனால் பார்ப்பவர் வாங்க வரலாம்.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பை வாங்கியவர் தம் தளத்தில் தாமாகவே பாராட்டி எழுதலாம். அதுதான் உண்மையான சிபாரிசு. அதற்குக் காசு வேண்டாம். நல்ல தையல் போதும்.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். எந்தத் தளம்? யார் பார்ப்பார்கள்? விளம்பரம் என்று குறிப்பீர்களா? பதில் வராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.