மாட்டுக்குப் போட்ட ஊசியும் பாறுக் கழுகும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



சுற்றுச்சூழல் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், "அப்படின்னா என்ன வேலைங்க?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். என் வேலை, செத்த மாட்டைத் தேடிப் போவது. நீலகிரி அடிவாரத்தில் மாயாறு ஓடுகிற காடுகளில், செத்துக் கிடக்கும் மாடு, மான் இவற்றின் மேல் எத்தனை கழுகுகள் வந்து இறங்குகின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்வது. விடியுமுன் போய்ப் பாறை மறைவில் உட்கார்ந்தால், சில நாள் ஒரு பறவையும் வராது. சாயங்காலம் வீடு திரும்பினால், சட்டையைத் திண்ணையில் கழற்றிப் போட்டு, கிணற்றடியில் குளித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். இருபது வருஷமாக என் வீட்டுக்காரி இந்தச் சட்டத்தை மட்டும் தளர்த்தவே இல்லை.

நான் சொல்வது கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்து அல்ல. பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே, அது. பழைய பெயர் பாறு. பார்க்க அழகில்லைதான். ஆனால் ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். நாற்றமில்லை, ஈ இல்லை. தெருநாய் தின்று பெருகுகிற வழியும் இல்லை. கூலி கேட்காமல் ஊரைச் சுத்தம் செய்த பறவை அது.

1990-களில் இந்தக் கழுகுகள் இந்தியா முழுவதும் மளமளவென்று குறைந்தன. வெண்முதுகுப் பாறு என்கிற இனத்தில் 1992-இல் ஆயிரம் இருந்த இடத்தில், 2007-இல் ஒன்றிரண்டுகூட மிஞ்சவில்லை. திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளையில் பிரசாதம் தின்ன வந்த கழுகுகளை உங்களில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அது மஞ்சள்முகப் பாறு என்கிற வேறு இனம். அதுவும் அந்தப் பத்தாண்டுகளோடு வருவது நின்றுபோயிற்று. ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1996-ஆம் வருஷம், பவானிசாகருக்கு மேற்கே எங்கள் ஊர். அம்மா ஆசையாக வளர்த்த செவலைப் பசு முன்னங்கால் வீங்கிப் படுத்துவிட்டது. நான் கல்லூரி விடுமுறையில் இருந்தேன். சைக்கிளில் டவுனுக்குப் போய் வலி ஊசி மருந்து வாங்கி வந்தது நான்தான். டைக்ளோபெனாக் என்று பெயர். விலை மலிவு, அப்போது எல்லோரும் போட்டதுதான், தடையும் இல்லை. ஊசி போட்டதும் மாடு எழுந்து நின்றது, தவிடும் தின்றது. மறுநாள் ராத்திரி செத்துப்போயிற்று. உள்ளே வேறு நோய் இருந்திருக்கும் போலிருக்கிறது. அப்பா வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஓடைப் புறம்போக்கில் போட்டார். காலையில் இருபது, இருபத்தைந்து கழுகுகள் இறங்கின. அம்மா மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் போய் நின்று வேடிக்கை பார்த்தேன்.

பாகிஸ்தானில் செத்து விழுந்த கழுகுகளை அறுத்துப் பார்த்த விஞ்ஞானிகள், 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். கழுகின் ஈரல்மேலும் இருதயத்தின்மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு. சிறுநீரகம் கெட்டு, வெளியேற வேண்டிய உப்பு உடம்பிலேயே தங்கியதால் வந்தது. காரணம், மாட்டுக்குப் போட்ட டைக்ளோபெனாக். ஊசி போட்ட இரண்டொரு நாளில் மாடு செத்தால் மருந்து இறைச்சியில் நிற்கிறது. அதைத் தின்ற கழுகு சில நாளில் சாகிறது. செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றில் மருந்து இருந்தால்கூடப் போதுமாம், ஒரு மாட்டில் அத்தனை கழுகுகள் சேர்ந்து தின்பதால். அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஓடைப் புறம்போக்குதான் கண்ணில் நின்றது. அந்த இருபத்தைந்தில் எத்தனை கூட்டுக்குத் திரும்பிப் போயிற்றோ! வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடுகிற பறவைங்க அது.

2006-இல் இந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்த அரசு தடை விதித்தது. ஆனால் மனிதர்களுக்கான மருந்து 30 மில்லி புட்டியில் கிடைத்தது, அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-இல் 3 மில்லிக்குமேல் அடைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மாட்டுக்கு ஒரு வேளைக்கே அதில் பல குப்பி உடைக்க வேண்டும். 2023-இல் கீட்டோபுரோபென், அசிக்ளோபெனாக் மருந்துகளையும், பிறகு நிமிசுலைடையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். இவையும் கழுகைக் கொல்பவைதான்.

அப்படியானால் வலியில் துடிக்கிற மாட்டை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாடு போனால் வீட்டில் உலை ஏறாது என்பது எனக்குத் தெரியும். மெலாக்சிகாம் என்று ஒரு மருந்து இருக்கிறது. டால்பெனமிக் அமிலம் என்று இன்னொன்றும் உண்டு. இரண்டும் மாட்டு வலிக்குக் கேட்கும். கழுகுக்குக் கெடுதல் இல்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கால்நடை டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வராதீர்கள். என்ன ஊசி போட்டது என்று தெரியாமல் மாடு செத்தால், ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். இன்னொன்று, காட்டோரத்து ஊர்க்காரர்களுக்கு: புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின்மேல் ஆத்திரத்தில் விஷம் தடவாதீர்கள். சிறுத்தை திரும்பி வருமுன் கழுகு வந்துவிடும். வனத்துறையில் எழுதிக் கொடுத்து நஷ்டஈடு கேளுங்கள். அலைய வேண்டியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் சேர்த்து இன்று சில நூறு கழுகுகளே இருக்கின்றன. மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு இன்னும் கூடு கட்டுகிறது.

போன தை மாதம் ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். மாட்டுக்குக் கால் வீக்கம், டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார் என்றான். புட்டியில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தான். மெலாக்சிகாம். மாடு நாலாம் நாள் மேய்ச்சலுக்குப் போயிற்று. இப்போது சினையாக இருக்கிறது.