இருவர் வண்டி, இருவர் பள்ளி



2008 செப்டம்பரில் நம் மாநிலத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்சில் இருவர்தான்: பைலட் எனப்படும் ஓட்டுநர், மருத்துவ உதவியாளர். ராசிபுரம் பக்கம் எங்கள் ஈராசிரியர் பள்ளியிலும் இருவர்தான்.

மூன்றாம் வகுப்பு மாணவன் வலிப்பு வந்து விழுந்த அன்று, நானும் சக ஆசிரியையும் பேசி இரண்டு மாதமாகியிருந்தது. காரணம், ஒரு பீரோ சாவி.

ஆம்புலன்சில் வந்தவர்கள் எது குறுக்குவழி என்று சண்டையிட்டபடியே இறங்கினார்கள், பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஆனால் உதவியாளர் திரும்பிப் பார்க்குமுன் ஸ்ட்ரெச்சர் அவர் பக்கத்தில் இருந்தது.

"வலிப்பு எத்தனை நிமிடம்?" என்றார். நான் மூன்று என்றேன். ஆசிரியை ஐந்து என்றார். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து அதிகம். நாங்களோ கடிகாரத்தையே பார்க்கவில்லை.

பையன் நலமாகிவிட்டான். இப்போது ஒருவர் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, மற்றவர் நேரம் குறித்து 108-ஐ அழைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். சாவி ஆணியில் தொங்குகிறது.