படிக்கும் கருவியா, அச்சு நூலா, நூலகமா?

(வெள்ளி விழா மாலை அமர்வில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவுற்றதனை இன்று கொண்டாடுகின்றோம். தகரக் கொட்டகை ஒன்றில் மாலை வகுப்பாகத் தொடங்கிய பணி, இன்று நம் தெருவிலிருந்து ஆசிரியரையும் செவிலியரையும் பொறியாளரையும் தந்திருக்கின்றது. இந்நன்னாளில் எமக்கு அளிக்கப்பட்ட பொருள், மகிழ்ச்சியைக் காட்டிலும் பொறுப்பு மிகுந்தது. வெள்ளி விழா நிதியாகச் சேர்ந்துள்ள நான்கு இலட்சம் ரூபாயை நம் பிள்ளைகளின் படிப்பிற்கு எவ்வழியில் செலவிடுவது என்பதே அது.

செயற்குழுவில் மூன்று கருத்துகள் எழுந்ததனை அறிவீர்கள். வெளிநாட்டில் பணிபுரியும் நம் பழைய மாணவர்கள், மாணவர் நாற்பதின்மருக்கு ஆளுக்கொரு மின்னூல் கருவி வாங்கித் தரலாம் என்றனர். தாய்மார்கள், பிள்ளைகளின் கையில் அச்சிட்ட புத்தகங்களையே கொடுங்கள் என்றனர். முதியவர்கள், நம் தெருவில் ஒரு படிப்பகம் வேண்டும் என்றனர். ‘ஊரில் அரசு நூலகம் இருக்கும்போது தனியே படிப்பகம் எதற்கு?’ என்று ஒருவர் வினவினார். அவ்வினாவிற்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். புதியது என்பதற்காகவே அதனை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. கிண்டில் என்னும் கருவி 2007 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் திரை கைப்பேசியின் திரை போன்றதன்று. நுண்ணிய கருப்பு, வெள்ளைத் துகள்கள் இடம்பெயர்ந்து எழுத்தாக நிற்பதால், காகிதத்தைப் போலவே வெளி ஒளியில் படிக்கலாம். கண்ணும் எளிதில் களைப்பதில்லை. பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாவதால், ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் உழைக்கும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், பார்வை மங்கிய நம் முதியோர்க்கு அது பெரும் உதவி. ஆங்கிலச் சொல்லொன்றைத் தொட்டால் அகராதிப் பொருள் தோன்றும். வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு அஃது ஓர் ஆசிரியர்க்கு நிகர். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை விலையின்றி வழங்குகின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், நகரத்து நூலகங்களிலும் கிடைத்தற்கரிய பழம்பதிப்புகளைக் காணலாம். இவை யாவும் உண்மை.

ஆயினும் கணக்கு ஒன்றுண்டு. கருவி ஒன்றின் விலையைப் பத்தாயிரம் ரூபாய் எனக் கொள்வோம். நாற்பது கருவிகளுக்கு நான்கு இலட்சமும் தீர்ந்துபோகும். அத்தொகைக்கு, நூலொன்று இருநூறு ரூபாய் எனக் கொண்டால், இரண்டாயிரம் நூல்கள் வாங்கலாம். கருவி ஒரு நேரத்தில் ஒருவர்க்கே பயன்படும். அதன் திரை உடைந்தால், வேறு கருவி கிடைக்கும் வரை அதிலுள்ள நூல்களைப் படிக்க இயலாது. இரண்டாயிரம் நூல்களோ இருநூறு பேரின் கைகளில் ஒரே நேரத்தில் இருக்கக் கூடியவை.

விலையினும் பெரிய வினா ஒன்றுண்டு. கருவியில் விலை கொடுத்து வாங்கும் நூல், பெரும்பாலும் நமக்கு உடைமையாவதில்லை. படிக்கும் உரிமம் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றது. 2009 ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நூல்களை, விற்ற நிறுவனமே வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடி அழித்தது. விற்றவர்க்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணமும் திருப்பித் தரப்பட்டது. 2019 இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோதும், வாங்கிய நூல்கள் வாசகரின் கையிலிருந்து மறைந்தன. பணம் திரும்பி வரலாம். பாதி படித்த நூல் திரும்பி வருவதில்லை. எழுத்தறிவே பிறர் தரவும் மறுக்கவும் கூடிய பொருளாக இருந்த காலத்தைக் கண்ட சமூகம் நம்முடையது. பிறர் பூட்டிவிடக் கூடிய அலமாரியில் நம் அறிவுச் செல்வம் முழுவதையும் வைத்தல் தகுமா என நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி அச்சு நூலுக்கு வருவோம். நம் முன்னோர் அச்சின் ஆற்றலை நன்கு உணர்ந்தவர்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். மறு ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. 1914 இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் நெடுங்காலம் அவர் பெயரைப் பாடநூல்கள் பேசவில்லை, மேடைகளும் பேசவில்லை. ஆனால் இதழ்கள் சில கைகளில் பாதுகாப்பாக இருந்தன. அவற்றைக் கொண்டு 1999 இல் பாளையங்கோட்டையிலிருந்து அவருடைய சிந்தனைகள் தொகுதிகளாக வெளிவந்தன. தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அவ்வெழுத்தைப் படிக்க மின்சாரம் வேண்டியிருக்கவில்லை. எவருடைய இசைவும் வேண்டியிருக்கவில்லை. காகிதத்தைப் போற்றி வைத்த சிலரின் அன்பு ஒன்றே போதுமானதாயிருந்தது.

அச்சு நூலை அக்காள் படித்துத் தங்கைக்குத் தரலாம். ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதலாம். எனினும் தாய்மார்களுக்கு ஒன்று கூறுவோம். புத்தகத்தை வீட்டிற்குக் கொடுத்தால் மட்டும் படிப்பு வந்துவிடாது. ஒற்றை அறையில் ஐவர் வாழும் வீட்டில், தொலைக்காட்சி ஒருபுறமும் அடுப்பு ஒருபுறமுமாக இருக்க, பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கும்? 2018 நவம்பரில் கஜா புயல் நம் பகுதியைத் தாக்கியபோது, கூரையோடு பாடநூல்களும் போயின. நனைந்த புத்தகங்களை வெயிலில் பரப்பிவைத்துத் தாள்தாளாகப் பிரித்த பிள்ளைகளை எம் பள்ளி முற்றத்தில் கண்டோம். அப்போது வாரக்கணக்கில் மின்சாரமும் இல்லை. புத்தகமாயினும் கருவியாயினும், அதனை வைக்க ஓர் இடம் முதலில் வேண்டும்.

ஆகவேதான் நூலகத்தைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. இங்கே எம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவதற்கு மன்னிக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் யாம் ஆறாம் வகுப்பு மாணவர். எம் ஊர் நூலகம் ஊர்த்தெருவின் நடுவில் இருந்தது. முதன்முறை சென்றபோது அங்கிருந்தவர் எம்மை விரட்டவில்லை. கேட்ட கதைப்புத்தகத்தை எடுத்தும் கொடுத்தார். யாம் பெஞ்சில் உட்காரப் போனபோது, ‘தம்பி, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து படி’ என்றார். உள்ளே இரண்டு பெஞ்சுகளும் வெறுமையாகவே இருந்தன. அன்று வெயில் சாயும் வரை படிக்கட்டிலிருந்து அக்கதையைப் படித்து முடித்தோம். கதை மறந்துவிட்டது, படிக்கட்டு மறக்கவில்லை. நூல் நமக்குக் கிடைத்தது, இருக்கை கிடைக்கவில்லை என்பதனைப் பிள்ளைப் பருவத்திலேயே அறிந்துகொண்டோம்.

இளைஞர்கள் கூறுவது எமக்குக் கேட்கின்றது. ‘ஐயா, அதனால்தான் கருவியைக் கேட்கின்றோம். யார் படிக்கட்டிலும் உட்கார வேண்டியதில்லை. யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.’ இவ்வாதத்தின் வலிமையை யாம் மறுக்கவில்லை. தன்மானத்தோடு தனியே அமர்ந்து படிக்கும் வழியைக் கருவி தருகின்றது. ஆயினும் கருவி தருவது நூலை; இருக்கையை அன்று. நாம் அந்த வாயிலைத் தவிர்த்துச் சென்றால், வாயில் திறந்துவிட்டதாகாது.

பொது நூலகம் எவர் தந்த கொடையும் அன்று. விடுதலைக்குப் பின் இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணமே, ஆண்டு 1948. அச்சட்டத்தின் வழியே நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகின்றது. ஓட்டு வீட்டிற்கு வரி கட்டும் நம் தாயும் அந்தப் பெஞ்சிற்கு விலை கொடுத்தவளே. பொதுச் சாலை, கிணறு, பொதுவிடங்கள் ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924 இல். அண்ணல் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்து நீரைப் பருகியது 1927 இல். வேறெங்கும் நீர் கிடைக்காமையால் அவர் அங்குச் செல்லவில்லை. அது பொதுக்குளம் என்பதனாலேயே சென்றார். நூலகமும் நமக்கு ஒரு குளமே.

அப்படியாயின் நம் தெருவில் படிப்பகம் எதற்கு? அதற்கும் அண்ணலின் வாழ்வே விடை. இலண்டனில் பொது நூலகத்தில் அமர்ந்து நாள்தோறும் படித்தவர் அவர். தமக்கென நூல்களையும் ஓயாது சேர்த்தவர். 1917 இல் தாயகம் திரும்பியபோது, வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள், நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலால் கடலில் மூழ்கின. அவர் மனம் தளரவில்லை, மீண்டும் சேர்த்தார். பம்பாய் தாதரில் இராஜகிருகம் என்னும் இல்லத்தை நூல்களுக்கும் இடம் அமையுமாறு கட்டினார். பொது நூலகமும் வேண்டும், தமக்கென நூலும் வேண்டும் என்று வாழ்ந்து காட்டியவரின் வழியில், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கைவிடுதல் நமக்கும் வேண்டா.

2020 இல் பள்ளிகள் மூடப்பட்ட நாள்களை நினைவு கூருங்கள். பாடம் கைப்பேசியில் வந்தது. எம் பள்ளி மாணவி ஒருத்தியின் வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி, தந்தையோடு காலையில் வேலைக்குச் சென்று இரவில்தான் திரும்பும். அவர் உறங்கிய பின் அப்பெண் பாடத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பாள். சில மாதங்களில் அவளும் படிப்பைக் கைவிட இருந்தாள். நம் சங்கத்து இளைஞர் இருவர் சமுதாயக் கூடத்தைத் திறந்துவைத்து, பழைய புத்தகங்களோடு பத்துப் பிள்ளைகளை இடைவெளி விட்டு அமர்த்தியதனால் அவள் படிப்புத் தொடர்ந்தது. அன்று அவளைக் காத்தவை கூரையும் விளக்கும் புத்தகமும், உடனிருந்த ஒரு மனிதரும் ஆவர். இதனையே நம் திட்டத்திற்கு அடிப்படையாகக் கொள்வோம்.

எம் பரிந்துரை இதுவே. சமுதாயக் கூடத்தைப் படிப்பகமாக்குவோம். மேசை, பெஞ்சு, அலமாரி, விளக்கு, மின்சாரம் நின்றால் உதவும் இன்வெர்ட்டர் ஆகியவற்றிற்கு ரூ. 1,20,000. நூல்களுக்கு ரூ. 1,50,000. படிப்பகத்திலேயே வைத்து, நூலைப் போலவே முறைவைத்து வழங்கும் ஐந்து மின்னூல் கருவிகளுக்கு ரூ. 50,000. எஞ்சிய ரூ. 80,000 ஐ வங்கியில் இட்டு, அடுத்த நான்கு ஆண்டுகள் ஆண்டிற்கு ரூ. 20,000 வீதம் புதிய நூல்கள் வாங்குவோம். நூலகம் வளரும் உயிரி என்பது, சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை எஸ். ஆர். அரங்கநாதன் 1931 இல் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. எல்லாவற்றையும் விழா நாளிலேயே வாங்கி முடித்தால் அலமாரி நிறையும், நூலகம் வளராது.

நூல்களைப் பதிப்பாளரின் தேங்கிய கட்டுகளிலிருந்து வாங்குதல் கூடாது. பிள்ளைகளையே கேட்டு வாங்குதல் வேண்டும். போட்டித் தேர்வு நூல்கள் வேண்டும். அவற்றோடு கதையும் அறிவியலும் வரலாறும் வேண்டும். நம்மவர் எழுதிய நூல்கள் கட்டாயம் வேண்டும். கருவிகளில் விலையில்லா நூல்களையும், உரிமைக் காலம் முடிந்த நூல்களையும் ஏற்றிவைப்போம். எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்கள் நம் நாட்டுச் சட்டப்படி அனைவர்க்கும் பொது. அண்ணல் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களும் 2017 முதல் அவ்வாறே ஆயின.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இதற்குப் பணம் வேண்டா. நேரம் மட்டுமே வேண்டும். சனிக்கிழமை தோறும் பெரியவர் இருவர், பிள்ளைகள் பத்துப் பேரை ஊர் நூலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொருவரையும் உறுப்பினராகச் சேருங்கள். நூலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், உள்ளே பெஞ்சில் அமர்ந்து ஒரு மணி நேரமேனும் படிக்கச் செய்யுங்கள். இன்று அங்கு எவரும் வெளியே போ என்று கூறமாட்டார் என நம்புகின்றோம். கூறின், சட்டம் நம் பக்கம். சங்கமும் நம் பக்கம்.

முதல் சனிக்கிழமை யாமும் வருகின்றோம். படிக்கட்டில் அமர்ந்த பழைய மாணவர்க்கு, அந்தப் பெஞ்சில் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கியிருக்கின்றது.